சரோஜினிதேவி பூட்டிய சேலைன் குழாய்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள் என் மனைவி சரோஜினிதேவி. அவளைப் பற்றி இதுவரை யாரும் உருப்படியாக ஒரு வரி எழுதவில்லை. பிரியாவிடை அன்று கொடுத்த வாழ்த்துமடலில் 'அமைதியானவர், அடக்கமானவர்' என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தார்கள். அடக்கமாம்! என் வீட்டில் வந்து ஒரு கிழமை இருந்து பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். அதனால்தான் நானே எழுதுகிறேன். எழுத எனக்குத் தகுதி உண்டு. அந்தச் சம்பவத்தில் தரையில் படுத்துக் கிடந்தவன் நான்.

முதலில் ஒரு விஷயம். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவள் அவள். பல்கலைக்கழகம் புக மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு புள்ளி கேட்கிற தரப்படுத்தல் வந்த வருடங்கள் அவை. இரண்டு புள்ளியால் பொறியியல் பீடம் கைநழுவிப் போனது. வேறு மாவட்டத்தில் பிறந்திருந்தால் அதே புள்ளிக்கு இடம் கிடைத்திருக்கும் என்று அவளுடைய தகப்பனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தாள், ஆய்வுகூடத்தில் குடுவை கழுவும் வேலை கிடைத்தது, போனாள்.

நான் சொல்ல வந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கதை. வெள்ளவத்தையில் ஹம்டன் ஒழுங்கையில், மாக்ரெட் என்ற அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கட்டிய இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கோட்டையில் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க் வேலை. பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த யுத்த காலம். எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் காலையில் ரயிலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் சேர்த்து வைத்திருந்த காசையெல்லாம் போட்டு ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். காலையில் அவளைக் கொட்டாஞ்சேனையில் இறக்கிவிட்டு நான் கோட்டைக்குத் திரும்பி வருவேன்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியது, இரட்டைச் சிலிண்டராக அமைந்துவிட்டது. சிலிண்டர் இரண்டென்றால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டுகிற காபரேற்றரும் இரண்டு. இரண்டும் ஒரே அளவில் திறந்து ஒரே அளவில் மூட வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் எஞ்சின் நொண்டும். முறுக்கிய கைபிடியை விட்டதும் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ப் பட்டென்று வெடிக்கும். கொழும்பில், அந்த வருடத்தில், பட்டென்று வெடிக்கும்.

இதையெல்லாம் காதால் கேட்டே சரிசெய்ய எனக்குத் தெரியும் என்று கம்பனிக் கந்தோரில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஸ்குரூ ட்றைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு, டொக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். திருகுவேன். அடுத்த நாள் இன்னும் மோசமாக ஓடும்.

ஒரு வியாழக்கிழமை காலை. கால்வாய்ப் பாலத்தடியில் காவலரண். வழக்கம்போலப் பின்னால் இருந்தவள் இறங்கி, கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்து போனாள். நான் அடையாள அட்டையை நீட்டுவதற்காகக் கையை விட்டேன். சைலன்சர் வெடித்தது. ஒரு வெடி இல்லை, இரண்டு.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மண்மூட்டைக்குப் பின்னால் ஒருவன் விழுந்தான். துவக்குகள் என் பக்கம் திரும்பின. நான் றோட்டில் குப்புறக் கிடந்தேன். காலி வீதி என்கிற அந்தப் பெருந்தெரு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மீசை முளைத்தும் முளைக்காத ஒரு ஆமிக்காரன் என் தலைக்கு நேரே துவக்கைப் பிடித்திருந்தான். கால் மணித்தியாலம் கழித்து, கோப்ரல் வந்து எழும்பச் சொன்னான். மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை எழுதிக்கொண்டான். இன்னொரு முறை இந்தச் சத்தத்தோடு இந்தப் பக்கம் வந்தால் தன் ஆட்கள் கேட்டுவிட்டுச் சுட மாட்டார்கள் என்று சிங்களத்தில் சொன்னான். மிரட்டலாகச் சொல்லவில்லை. புத்திமதி மாதிரிச் சொன்னான்.

பத்தடி தள்ளி நின்று இத்தனையையும் அவள் பார்த்தாள்.

அன்று பின்னேரம் கிளெமென்றின் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் பகுதியில் நல்ல மெக்கானிக் அவன்தான். பொய் சொல்ல மாட்டான்.

"அண்ணன், ரெண்டு காபரேற்றரையும் மாத்தணும்," என்றான். அதன் விலை என்னுடைய மூன்று மாதச் சம்பளம்.

"மாத்தாமல் சரிக்கட்ட ஏலாதோ?"

"ரெண்டும் எவ்வளவு இழுக்குதுன்னு பாக்க கேஜ் ஒண்ணு இருக்கு. அது ஜப்பான்ல இருந்து எடுக்கணும். அது அதைவிட விலை. நானும் ஒங்கள மாதிரி காதாலதான் பாக்கிறேன்."

வீட்டுக்கு வந்து, "விப்பம்," என்றேன்.

"வித்துப்போட்டு?"

"பஸ்ஸிலை போவம்."

அவள் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்துக் கேட்டாள். "இஞ்சருங்கோ, ரெண்டு பக்கமும் ஒரே அளவாய் இழுக்கோணும். அவ்வளவுதானே?"

"உமக்கு இதெல்லாம் விளங்காது. இது லாப் இல்லை, எஞ்சின்."

"எஞ்சினும் காத்தைத்தானே இழுக்குது?"

அடுத்த நாள் பஸ்ஸில் போனோம். ஏறுகிறவர்களின் பைகளையே பார்த்துக்கொண்டு போனோம். சனிக்கிழமை காலை அவள் மருந்துக்கடைக்குப் போய் சேலைன் ஏற்றும் குழாய் இரண்டு செற் வாங்கினாள். மருந்துச் சாமான்களுக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்துக்கு அதைக் கொண்டுபோவதென்றால் அனுமதி, விசாரணை என்று ஆயிரம் கரைச்சல். வெள்ளவத்தையில் சவர்க்காரம் மாதிரி அலுமாரியில் அடுக்கிக் கிடக்கிறது. கடைக்காரர் அனுதாபத்தோடு, "ஆருக்கு அக்கா சுகமில்லை?" என்று கேட்டிருக்கிறார்.

"மோட்டார் சைக்கிளுக்கு," என்று சொல்லிவிட்டு மிச்சக் காசை எண்ணாமல் வந்திருக்கிறாள்.

கிளெமென்ற் பழைய திருகாணிகள் இரண்டில் துளை போட்டுக் கொடுத்தான். காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு சிறிய துவாரம் திருகாணி போட்டு அடைத்திருக்கும். அங்கே துளை போட்டவற்றைப் பூட்டி, குழாயின் இரண்டு முனைகளையும் கொளுவினாள். நடுக் குழாயை ஒரு சவர்க்காரப் பெட்டிப் பலகையில் வளைத்து ஆணியடித்தாள். பின்னால் வரைபுத்தாள் ஒட்டினாள். வளைவுக்குள் கேசரிப் பவுடர் கலந்த சிவப்புத் தண்ணீர். எந்தப் பக்கம் கூட இழுக்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், மட்டம் ஒன்றானால் இரண்டும் சமம் என்று விளக்கினாள். விளங்கிற்று. ஆனாலும் விளங்காத மாதிரி நின்றேன்.

நான் ஸ்ராட் பண்ணினேன். கண் மூடித் திறப்பதற்குள் இடது பக்கம் அவ்வளவு கேசரித் தண்ணீரையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டது. எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, நின்றது. ஒழுங்கையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"சேலைன் ஏத்தினது காணுமோ, இல்லாட்டி இன்னொரு போத்தல் போடுவமோ?" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. பலகையின் முன்னால் குந்தியிருந்தாள். பத்து வருடமாக ஆய்வுகூடத்தில் இப்படித்தான் குழாயில் நிறத் தண்ணீர் ஊற்றிப் பழகியவள். அங்கே ஊதிப் பார்ப்பது பிள்ளைகளின் வாய். இங்கே இழுப்பது எஞ்சின். அந்த வித்தியாசத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. "பிழை என்னிலைதான்," என்று தனக்குத்தானே சொன்னாள். பிழை விட்டுவிட்டு அவ்வளவு நிதானமாக இருக்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானென்றால் ஸ்குரூ ட்றைவரை எறிந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீண்டும் தொடங்கினாள். இம்முறை பலகை அவளுடைய உயரத்துக்கு இருந்தது. தண்ணீருக்குப் பதிலாக ஓட்டோவுக்குப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற ஒயில். தப்பித் தவறி உள்ளே போனாலும் எஞ்சினுக்குக் கேடு இல்லை. சேலைன் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சில்லு இருக்குமே, அதை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட மூடும்வரை இறுக்கிவிட்டாள். எஞ்சின் வெடுக்கென்று இழுத்தாலும் ஒயில் துள்ளாமல் மெல்ல ஏறியது. நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின் கொதிக்கும் என்று மாக்ரெட் அம்மாவிடம் மேசை மின்விசிறியை இரவல் வாங்கி முன்னால் வைத்தாள். முதல் நாள் புகைக்கு ஏசிய அந்த அம்மாவே வயரை யன்னலால் நீட்டிக் கொடுத்தார்.

இடது பக்கம் ஒரு சாண் உயர்ந்து நின்றது. அதாவது நான் காதால் கேட்டுச் சரி என்று சத்தியம் பண்ணிய பக்கம்.

இரண்டு காபரேற்றரையும் இணைக்கிற திருகாணியை அரைக்கால் சுற்றுச் சுற்றினாள். பொறுத்தாள். பார்த்தாள். இன்னொரு அரைக்கால். சாண் நாலு விரலாகி, நாலு விரல் ஒரு விரலாகி, கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வந்து நின்றன. எஞ்சினின் சத்தமே மாறிவிட்டது. அதுவரை இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது, இப்போது ஒரே ஆள் நடந்தான். கிளெமென்ற் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, இத எனக்கு ஒண்ணு செஞ்சு தாங்க," என்றான். என் காதை ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஆனால் பலகையில் சரிவந்தால் போதுமா? திங்கட்கிழமை அதே பாலம், அதே கோப்ரல்.

"நான் தனிய ஒருக்கால் போய்ப் பாத்துக்கொண்டு வாறன். நீர் பஸ்ஸிலை போம்," என்றேன்.

"நான் பூட்டின சாமான். நான்தான் இருக்கோணும்." ஏறி இருந்துவிட்டாள்.

பாலத்தடியில் அவள் இறங்கி நடந்தாள். கோப்ரலுக்கு எங்களை நினைவிருந்தது. கையை உயர்த்தி நிறுத்தினான். அந்த இளம் ஆமிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால் போய் நின்றான். கோப்ரல் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். பிறகு மறுபடி ஸ்ராட் பண்ணி, நன்றாக முறுக்கி, சடாரென்று விடு என்றான். ஸ்ராட் பண்ணினேன். முறுக்கக் கை வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் மணிக்கட்டு என் பேச்சைக் கேட்கவில்லை. துவக்கின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலடிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அப்படித் திரும்பி வருவதே அங்கே குற்றம். கோப்ரலுக்கு முன்னால் நின்று, தன்னுடைய அரைகுறைச் சிங்களத்தில், "மாத்தயா, மம கரண்ணத?" என்றாள். நான் செய்யட்டுமா என்று கேட்கிறாள்! கோப்ரல் அவளை மேலும் கீழும் பார்த்துத் தலையை ஆட்டினான்.

என் கைக்கு மேல் தன் கையை வைத்து முறுக்கினாள். எஞ்சின் கத்தியது. விட்டாள். அந்த ஒரு கணம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் இல்லை. சத்தம் இறங்கி, சாதுவாக நின்று துடித்தது. மறுபடி முறுக்கினாள், விட்டாள். மூன்றாம் முறையும். மண்மூட்டைக்குப் பின்னால் நின்றவன் துவக்கைத் தாழ்த்தினான்.

எந்த கராஜில் திருத்தியது என்று கோப்ரல் கேட்டான். என் பழைய நாக்கு 'நான்தான்' என்று சொல்லப் புறப்பட்டது. பிடித்து நிறுத்தினேன்.

"மகே நோனா," என்றேன். என் மனைவி.

அவன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக் கையில் வைத்திருந்தான். அதில் தொழில் என்ற இடத்தில் ஆய்வுகூட உதவியாளர் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதைப் பார்த்தானோ இல்லையோ, "நோனா இஞ்சினியர்த?" என்று கேட்டான்.

அவள் இல்லை என்று தலையசைக்கத் தொடங்கினாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஒவ்," என்றேன். ஓம் என்று. பாலத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னேன்.

கோப்ரல் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பின்னால் ஏறி இருந்தவள் பம்பலப்பிட்டி தாண்டியதும் காதுக்குள் ஏசத் தொடங்கினாள்.

"உங்களுக்கு என்ன விசரே? அட்டையிலை தொழில் எழுதிக் கிடக்கு. செக் பொயின்ற்றிலை பொய் சொன்னால் பிடிச்சுக்கொண்டு போவாங்கள், தெரியுமோ?"

"தெரியும்," என்றேன். "அதுதான் உண்மையைச் சொன்னனான்."