ஐந்து புளியங்கொட்டை

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் மெட்ராஸோடு போகும், எந்த ஊர் இங்கேயே நிற்கும் என்று எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஓயாத பேச்சு. அப்போதுதான் நகரியில் ஒரு சின்ன நூல் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்ற மிதப்பு வேறு.

சிறுவர் மாயாஜால நாவல்களை வயதுவாரியாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டுவேன். மந்திரவாதி மட்டும் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு. ரத்தம் கித்தம் வந்தால் ஹைஸ்கூலுக்கு. பிள்ளைகளை அளக்கவும் நானே ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு பக்கம் சத்தமாகப் படிக்க வேண்டும். தடுமாறும் ஒவ்வொரு வார்த்தைக்கும் மேஜையில் ஒரு புளியங்கொட்டை வைப்பேன். ஐந்து சேர்ந்தால் அந்தப் புத்தகம் கிடையாது.

ஒரு நாள் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். பதினொரு வயதிருக்கும். ஏரிக்கடியில் ராஜகுமாரியை அடைத்து வைத்திருக்கும் பூதத்தின் கதை, தடிப் புத்தகம், அதுதான் வேண்டும் என்றாள். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் கொடுத்துப் பாதி படித்துவிட்டாளாம். படிக்கச் சொன்னேன். நாலாவது வரிக்குள் ஐந்து கொட்டையும் விழுந்துவிட்டது. பாதி படித்தேன் என்று பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். போதாக்குறைக்கு அந்தப் பூதம் கண்ணைப் பிடுங்கித் தின்னும் என்று நடுப்பக்கத்தில் பார்த்திருந்தேன். கொட்டை எழுத்தில் அச்சிட்ட முயல் கதை ஒன்றை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. முகம் சிவக்கத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் அப்பாவோடு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் விறைப்பாக உட்கார்ந்தேன். அவரோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்.

"இஸ்கூல்ல எல்லாம் தெலுங்காயிடுச்சிம்மா. தமிழ் எழுத்து இவளா கத்துக்கினா. தறிகிட்ட குந்திக்கினு ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிப்பா, நான் கேட்டுக்கினே நெய்வேன். இந்தக் கதைக்காவத்தான் தமிழே படிக்கிறா. இதையும் புடுங்கிக்கினா அப்புறம் எதுக்கும்மா படிப்பா?"

 நான் அப்போதும் விடவில்லை. பூதம் கண்ணைத் தின்னும், குழந்தை பயந்துவிடுமே என்றேன்.

"அது துன்னாதுக்கா. துன்னுடுவேன்னு சும்மா மெரட்டும். அதுக்கே பாவம் கண்ணு தெரியாது," என்ற அந்தப் பெண், பாதிக் கதையையும் ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் ஆச்சரியமாக என்னைப் பார்த்து, "நீங்க படிக்கலையாக்கா?" என்றாள்.

நான் படித்திருக்கவில்லை. ஒரே ஒரு பக்கம்தான் பார்த்திருந்தேன். அவளையும் அப்படித்தான் நாலு வரியில் எடை போட்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அப்பாவும் மகளும் அதை முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. திருப்பிக் கொடுக்க வந்தபோது, பல்லாங்குழி ஆட வேண்டுமென்று அந்தப் புளியங்கொட்டைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது என் பேரப்பிள்ளைகளின் புத்தகத்தைக் காட்டி, இது இந்த வயதுக்குச் சரிப்படுமா என்று யாராவது கேட்டால் நான் உடனே வாயைத் திறப்பதில்லை, 'நீங்க படிக்கலையாக்கா?' என்ற அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது, புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன்.