மெஷின்காரர் பேசிக்கொண்டே ஓடினார்

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மெஷின்காரரை அவர் மனைவி கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அவர் ஓர் அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிறவர். தெருவில் அவருக்கு வேறு பெயரே இல்லை. காலையில் பட்டனை அழுத்தினால் சாயங்காலம் வரை அந்த மெஷின் தடதடவென்று கத்திக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் தொண்டையைக் கிழித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. தாள் கோணினால் ஒரு கையைத் தூக்குவார், மை குறைந்தால் விரலை ஆட்டுவார், காரியம் முடிந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைத் தட்டுவார்.

மனைவி அதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டே அந்தக் கோடியில் அரட்டை அடிப்பவர்களை உட்கார வைக்கும் குரல். கல்யாணமான புதிதில் கேலிக்காக அவரும் "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மழையோ காய்ச்சலோ, விடிவதற்குள் அவள் ஓடப் போய்விடுவாள். வியர்வையோடு திரும்பி வந்து அவரை எழுப்புவாள். "யாரு துரத்துறாங்கன்னு இப்படி ஓடுற?" என்று அவர் போர்வைக்குள்ளிருந்தே கேட்பார். அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு அவள் கண்ணில் கோளாறு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, முன்னாலேயே வந்து காட்டியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். முதலில் ஓரங்கள் மங்கின. அப்புறம் நடுவிலும் புகை படர்ந்தது. கடைசியில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது. வேலையை விட்டாள். குச்சி பிடித்து நடக்கக் கற்றாள், பேசும் போனைப் பழகினாள், அடுப்படியில் எந்த டப்பா எங்கே என்று விரல் நுனியில் வைத்துக்கொண்டாள். எதற்கும் அவள் உட்கார்ந்து அழவில்லை. ஒரு நாள் பழகின வழிதானே என்று தனியாக ஓடக் கிளம்பி, நிறுத்தியிருந்த வேனின் பின்பக்கத்தில் போய் மோதினாள். உதடு கிழிந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போடச் சொன்னாள். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான்.

மெஷின்காரரால் தாங்க முடியாதது அதுதான். டீச்சர் பேசாத வீடு அவருக்கு மெஷின் நின்றுபோன அச்சகம் மாதிரி இருந்தது.

அச்சகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒருத்தி ஜிம் நடத்தினாள், டீச்சரிடம் படித்தவள். கண் தெரியாதவர்கள் இன்னொருவரோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுண்டு என்று அவள் ஒரு நாள் சொன்னாள். "யாராவது கூட ஓடினா மிஸ் மறுபடியும் ஓடுவாங்க சார்." மெஷின்காரர் தம் தொப்பையைக் குனிந்து பார்த்தார். பிறகு தம் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். அவள் சிரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் ஜிம்மில், காலடியில் பெல்ட் ஓடும் டிரெட்மில்லில் ஏறினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலில் நடை, நடுநடுவே கொஞ்சம் ஓட்டம், நாக்குத் தள்ளினால் மறுபடி நடை. ஆனால் அவருக்கு அது பிடித்துப்போனது. அதுவும் ஒரு மெஷின்தானே? பட்டனை அழுத்தினால் அது ஓடும், அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்தால் போதும். ஆயுள் முழுக்க அவர் செய்த வேலையே அதுதான். தரை மெத்தென்று இருந்தது, முட்டி வலிக்கவில்லை, எதிர்க்காற்று இல்லை, குழி இல்லை. எதிரே மினுங்கும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

"வெளியிலயும் கொஞ்சம் ஓடிப் பாருங்க சார்," என்றாள் ஜிம்காரி. "இங்க பெல்ட்டு உங்களுக்கு வேகம் குடுக்குது. ரோட்டுல அத நீங்கதான் குடுத்துக்கணும். புதுசா ஓடுறவங்க எல்லாரும் அங்கதான் மாட்டிக்குவாங்க."

எல்லாம் எனக்குத் தெரியும் என்பதுபோல் அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து ஷூவை இறக்கி அவள் மடியில் வைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் ஷூவைத் தடவிப் பார்த்தாள்.

"ஓவர்டைம்னு சொல்லிட்டு இந்த வேலையாங்க பாத்தீங்க?" என்று சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு முகம் மாறியது. "ஒரே ஒரு தடவை வர்றேன். மறுபடி விழுந்தேன்னா அதோட சரி. அப்புறம் இந்த ஷூவ என் கண்ணுல... என் கையில காட்டவே கூடாது."

மறுநாள் விடியற்காலையில் ஒரு கயிற்றின் இரண்டு நுனியிலும் வளையம் முடிந்து, ஒன்றை அவளும் ஒன்றை அவரும் பிடித்துக்கொண்டார்கள். மெஷின்காரருக்குத் தலைகால் புரியவில்லை. காலுக்குக் கீழே பெல்ட் இல்லை, எவ்வளவு வேகம் என்று சொல்ல எண்ணும் இல்லை. ஆசை கொடுத்த வேகத்தில் பறந்தார். "மெதுவா போங்க, மெதுவா!" என்றாள் அவள். எங்கே கேட்டார்? தெருமுனை திரும்புவதற்குள் மூச்சு அடைத்தது. ரோடு லேசாக மேடேறியது. காற்று மூஞ்சியில் அறைந்தது. முன்னால் சாக்கடையை மூடியிருந்த சிலாப் ஒன்று உடைந்து குழியாகக் கிடந்ததை அவர் நன்றாகவே பார்த்தார். சொல்ல வேண்டும். ஆனால் சொல்ல மூச்சு இல்லை. மூச்சு இல்லாதபோது உடம்பு தெரிந்த வேலையைச் செய்தது. அவர் கையைத் தூக்கினார்.

அவள் குப்புற விழுந்தாள்.

வீட்டில் முட்டியைத் துடைத்து மருந்து போடும்போது அவள் கேட்டாள்.

"குழிய நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"கையத் தூக்கினேன்."

"யாருக்கு?" என்றாள் அவள்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெஷின்காரர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் அழுதார். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தார். அவள் கையை நீட்டி அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

ஆனாலும் சொன்ன சொல்லை அவள் மாற்றவில்லை. ஷூ மறுபடி பரணுக்குப் போனது.

அவர் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவளை ஜிம்முக்கே கூட்டிப் போனார். டிரெட்மில்லில் வேன் இல்லை, சிலாப் இல்லை, அவர் பேசவும் வேண்டியதில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடினாள். அடடா, என்ன ஓட்டம்! ஜிம்மில் இருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். மெஷின்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"நான் இப்ப எங்க இருக்கேன்?"

"இங்கதான் டீச்சர். ஏறின இடத்துலதான்."

"அதான்," என்றாள். "கண்ணு போனவளுக்கு எல்லா இடமும் ஏற்கனவே ஒரே இடமாத்தாங்க இருக்கு. அதுல என்னைய ஒரே இடத்துல ஓட வேற சொல்றீங்களே."

ஜிம்காரி அசடு வழிய நின்றாள். "பழகினா சரியாயிடும் மிஸ்."

"மெஷினக் குறை சொல்லலம்மா. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லதுதான். இவரையே ஓட வச்சிருக்கே! ஆனா எனக்குக் காத்து மூஞ்சில படணும். மண்ணு காலுக்குக் கீழ மாறணும். இல்லன்னா நான் போனேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

திரும்பி வரும் வழியில் அவளுடைய குச்சி மட்டும் தட்டிக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் மெஷின்காரர் நின்றார்.

"இன்னொரு தடவ வா டீச்சர்."

"சொன்னேன்ல."

"நான் பேசுறேன்."

"முப்பது வருஷமா பேசாதவரு..."

"பேசுறேன்னு சொல்றேன்ல!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்திவிட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்க்கிறேன் என்றாள்.

அடுத்த நாளிலிருந்து மெஷின்காரர் தனியாக ரோட்டில் ஓடிப் பழகினார், வாய்விட்டுப் பேசிக்கொண்டே. "இடது பக்கம் சைக்கிள். முன்னால ஒரு படி. தாண்டியாச்சு." பால் போடுகிறவர் ஒதுங்கி வழிவிட்டார். மெஷின்காரருக்கு மறை கழன்றுவிட்டதென்று ஊரெல்லாம் பேச்சு. போகட்டும். டிரெட்மில்லில் ஒருநாளும் வலிக்காத கெண்டைக்கால் ரோட்டில் கல்லாக இறுகியது. பேச மூச்சு மிஞ்ச வேண்டுமானால் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த மாமாக்களெல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். ஆனால் அந்த வேகத்தை அவருக்குக் கொடுத்தது எந்த மெஷினும் இல்லை. அதை அவரே தமக்கு வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவள் இறங்கி வந்தாள். ரோடு வேண்டாம், பள்ளிக்கூட மைதானம் என்றாள். விடுமுறை நாள், ஆள் நடமாட்டம் இல்லை. கயிற்றைப் பிடித்தார்கள்.

"கால்ல புல்லு வரும். அப்புறம் மண்ணு. வலது பக்கம் ஈரம், என் பக்கம் வா. ஆச்சு." அவர் பேச்சு நின்றபோதெல்லாம் அவள் விரல்கள் கயிற்றில் இறுகின, கால் தயங்கியது. ஏதோ வருகிறது என்று அவள் பயப்படுகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தாம் வாய் மூடி இருப்பதே அவளுக்கு ஒரு குழிதான். அதனால் ஒன்றுமில்லாத இடத்திலும், "ஒண்ணுமில்ல டீச்சர், ஒண்ணுமில்ல, வா," என்று சொல்லிக்கொண்டே ஓடினார். பிறகு வானம் எப்படி இருக்கிறது என்று சொன்னார். கோல் கம்பத்தடியில் நாய் ஒன்று தூங்குகிறது என்றார். உன் முடி நரைத்தது அழகாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். "மூச்ச விட்டுட்டு அப்புறம் பேசுங்க," என்று அவள் அதட்டினாள். பழைய குரல்!

இரண்டாவது சுற்றில் அவருக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டார். அவளுக்கு இன்னும் மூச்சுகூட வாங்கவில்லை.

"கயித்த விடுங்க," என்றாள்.

"என்னது?"

"நீங்க நடுவுல போய் நில்லுங்க. பேசிக்கிட்டே இருங்க. உங்க சத்தம் என் இடது காதுல ஒரே மாதிரி கேக்கணும். அத வச்சு நான் சுத்தி வர்றேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார், கயிற்றை விட்டார்.

நடுவில் நின்று கத்தத் தொடங்கினார். அவள் மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, ஓடினாள். அவள் பக்கமாகவே திரும்பித் திரும்பி அவர் கத்தினார். மைதானத்தைச் சொன்னார், அது தீர்ந்தது. வானத்தைச் சொன்னார், அதுவும் தீர்ந்தது. அச்சகத்தில் நேற்று அடித்த கல்யாணப் பத்திரிகையின் நிறத்தைச் சொன்னார். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்த முடியாது, அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர்!"

"கேக்கல! சத்தமா!"

"பயமா இருக்கு! நீ விழுந்துடுவியோன்னு பயமா இருக்கு! நீ பேசாம இருந்தியே, அப்பல்லாம் எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கல டீச்சர்! அச்சகத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்! எனக்குப் பேச வராது, நீ பேசுறதக் கேக்கத்தான் நான் தினமும் வீட்டுக்கு வந்தேன்!"

அவள் கால் தடுமாறவில்லை. கோல் கம்பத்தைத் தாண்டி, கைகளை வீசிக்கொண்டு, அவரைச் சுற்றி வளைந்து வந்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள், ஓடிக்கொண்டே.