மூன்றாவது முதுகு

படம் கீறுகிறவனிடம் "என்ன வேலை?" என்று கேட்பவர்கள், பதிலைக் கேட்ட பின்னும் "அது சரி, வேலை என்ன?" என்பார்கள், இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கும் நடந்திருக்கும். பேசாலையில் கருவாடு போடும் பிலோமினா அக்கா அப்படிக் கேட்கவில்லை. எனக்கு வேலை தந்தார்.

பயந்த முகம்

அவருடைய கணவர் வள்ளம் கவிழ்ந்து இறந்திருந்தார். படங்களெல்லாம் அவரது போனில் இருந்தன. போனும் கடலோடு போயிற்று. மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று.

"இதில பயந்துபோய் இருக்கிறார், தம்பி. கடலுக்குப் பயப்பிடாத மனுசன், கமராவுக்குப் பயந்திட்டார். பயமில்லாத படம் ஒண்டு வீட்டுச் சுவரில கொழுவ வேணும்."

அப்போது நான் மரத்தில் செதுக்கி அச்செடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டைப் படத்தைப் பார்த்து அவர் முகத்தைச் செதுக்கும்போது புருவத்தைத் தளர்த்தினேன். உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வைத்தேன். அச்சு அருமையாக விழுந்தது. அக்கா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நல்ல மனுசன். என்ர மனுசன் இல்லை."

கரைவலை

விபத்துக்கு முன்பே பேசாலைக் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று கரைவலை இழுப்பதைக் குறும்படமாக எடுத்திருந்தேன். அதைத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் போட்டோம். பிள்ளைகளின் கூச்சல், கச்சான் கொறிக்கும் சத்தம். திரையில் ஆட்கள் கடலைப் பார்த்தபடி கயிறு இழுத்தார்கள். எல்லாம் முதுகுகள், எல்லாம் நனைந்தவை. அந்தக் காட்சியை எத்தனையோ தடவை வெட்டி ஒட்டிய நான் அதில் கயிற்றைத்தான் பார்த்திருந்தேன்.

பிலோமினா அக்கா எழுந்து திரையருகே போனார். திரையில் விரலை வைத்தார்.

"நிப்பாட்டுங்கோ தம்பி. அந்த மூண்டாவது முதுகு எங்கட வீட்டு முதுகு."

சேட்டு

அந்தக் காட்சியில் மூன்றாவது ஆளை மட்டும் பெரிதாக்கிப் பழைய பாய்மரத் துணியில் அச்சிட்டேன். அதன்மேல் வலைத்துண்டு, மணல், அக்காவின் கணவர் உடுத்த துணி என்று ஒட்டிச் செய்ய எண்ணம். கேட்டதும் அக்கா நீலச் சேட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நான் பசைப் போத்தலைத் திறந்தேன். அவர் சேட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பசை பூசாதேங்கோ. இதை நான் இன்னும் சோப்புப் போட்டுத் தோய்க்கேல்லை."

சுவர்

வலையும் மணலும் வேண்டாமென்று வெறும் துணியையே கொடுத்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் நான் ஆணி அடிக்க, அக்கா கொழுவினார். கடல், கயிறு, ஒரு முதுகு. மணலில் ஊன்றிய குதிக்கால்களில் பயம் துளியும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்ட படம் அதுதான். இருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வருகிறவர்கள் முகம் எங்கே என்று கேட்டால்?

"அவர் வேலையா நிக்கிறார், பிறகு வாங்கோ எண்டு சொல்லுவன்."

மரம் செதுக்கி, படம் பிடித்து, துணியில் ஒட்டப் பழகி இத்தனை காலம் தொழில் செய்ததில், எவரும் திருத்தம் சொல்லாத என் ஒரே வேலை அந்தச் சுவரில் ஆணி அடித்ததுதான்.