மதிலுக்கு வெளியே நின்றவர்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தைவெளியில் ஒரு பள்ளி மைதானத்துக்குப் பெண்கள் பூப்பந்துப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகள் என்றால் எனக்கு உயிர், அதிலும் விளையாட்டுக் கதைகள். நானே அப்படி ஒன்று வரைந்துகொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் காதலன் ஓடி வந்து நிற்பான், நாயகிக்குப் புது பலம் வரும், ஜெயிப்பாள். அந்தக் காட்சிக்காகத்தான் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினேன்.

முதல் செட் முடிந்ததும் டீ குடிக்க வெளியே வந்தால், மதிலோரம் கைக்குழந்தையோடு ஒருவர் நின்றிருந்தார். "ஸ்கோர் இன்னா பாஸ்?" என்றார். உள்ளே ஆடுபவர்களில் ஒருவர் அவர் மனைவியாம். பிரசவத்துக்குப் பிறகு முதல் போட்டி. தேர்வாளர்கள் வந்திருக்கிறார்கள்; இன்று நன்றாக ஆடினால் மாவட்ட அணியில் மறுபடி இடம் கிடைக்கும்.

"உள்ள வந்து பாருங்களேன்" என்றேன்.

"வேணாம் பாஸ். எங்களப் பாத்தா அவ கண்ணு இங்கியே இருக்கும். வெளியவே நில்லுன்னு சொல்லிக்கீறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்குக் காதலைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன், கல்யாணமே ஆகாத நான்.

மூன்றாவது செட். முப்பத்தைந்து எடுத்தால் வெற்றி. இரண்டு பக்கமும் முப்பத்துமூன்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே ஓடி, அவர் தயங்கத் தயங்கக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஆடுகளத்தைச் சுற்றிய கயிற்றோரம் நிறுத்தினேன். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் திரும்பினார். பந்து அவருக்குப் பின்னால் விழுந்தது. அடுத்த பந்தும் அவர் மட்டையில் படாமல் போனது. ஆட்டம் முடிந்தது.

அந்தப் பெண் நேராக வந்து முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டார். கணவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் இழுத்து வந்தேன் என்று நானே ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் மங்கா கதையைச் சொன்னேன்.

வியர்வையைத் துடைத்தபடி, "அந்தக் கதையில அந்தப் பொண்ணுக்குப் பால் குடிக்கிற புள்ள ஒண்ணு கீதா சார்?" என்றார்.

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் வலித்தது. "இவுரு புள்ளைய வெச்சிக்கினு வெளிய நிக்கிறதாலதான் சார் நான் உள்ள ஆடுறேன்" என்றார் மெதுவாக.

பரிசளிப்பு முடிந்ததும் அணிப் பட்டியலை வாசித்தார்கள். அவர் பெயர் வரவில்லை. "வுடுங்க பாஸ், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று கணவர்தான் என் தோளைத் தட்டினார். மனைவியின் பையை வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

காதலையும் வெற்றியையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று அவர்கள் இருவரும் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அது காதலே இல்லை என்று நினைத்த என் அவசரத்துக்கு ஒரு பெண் தன் ஆட்டத்தில் ஒரு முழு வருடத்தை இழந்தார் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.