நான் திருத்திய சொல்

"படிச்சிட்டா எங்கள மதிப்பியாடி?" நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அம்மா கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். எனக்குக் கோபம் வந்தது.

போன சித்திரையில் சிங்கவரத்து நிலத்தில் நான், அம்மா, அப்பா மூவரும் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் தள்ளி மறுகோடியில் இருந்தாள். உயர உயர எழுந்த கருமேகத்தைப் பார்த்து நைனா, "கல்லு மல வருது, வூட்டுக்குப் போலாம்" என்றார். ஆலங்கட்டி மழையைத்தான் சொன்னார். அவர் வாயில் மழை மலையாகிவிடும்.

"மலை எப்பிடி நைனா வரும்? மழைன்னு சொல்லு. இந்த வெயில்ல ஐஸ் விழுமா?" என்று சிரித்தேன். அவர் முகம் சுருங்கியது. மறுபடி குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினார்.

கால் மணி நேரத்தில் ஆலங்கட்டிகள் விழுந்தன. அம்மாவின் நெற்றி பிளந்தது.

ஆஸ்பத்திரியில் அவள், "வானத்த பாக்காம இன்னாய்யா பண்ண?" என்று திட்டினாள். "கவனிக்கல" என்றார் நைனா. நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகுதான் படித்தேன். தரை கொதித்தால் காற்று வேகமாக மேலே பாய்கிறது. மழைத்துளிகளை உறைகுளிர் உயரத்துக்குத் தூக்கிப் போகிறது. அங்கே உறைந்து, மேலும் மேலும் நீர் ஒட்டிப் பெருத்து, காற்றால் தாங்க முடியாதபோது விழுகின்றன. வராது என்பதற்கு நான் காட்டிய வெயில்தான் அதை வரவழைத்தது.

அது தெரியாதது தவறில்லை. அவர் உச்சரிப்பைக் கேட்டு, அவருக்குத் தெரிந்ததையும் தள்ளியதுதான் தவறு.

தையல் பிரித்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, நைனாவைத் தடுத்தது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.