பத்தொன்பதாம் தறி

குமாரபாளையத்துத் தறிப்பட்டறையில் ஹெலனுக்கு வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை. ஓரமாக ஒரு கண்ணாடி அறை, உள்ளே ஒரு கம்ப்யூட்டர். இருபத்துநான்கு தறிகளிலும் காந்தத்தால் ஒட்டிய சென்சார் பெட்டிகள். தறி ஓடினால் திரையில் பச்சைக் கட்டம், நின்றால் சிவப்பு. எந்தத் தறி எவ்வளவு நேரம் நின்றது என்று சாயங்காலம் சேலத்திலிருக்கும் முதலாளி மோகன்குமாருக்கு அனுப்ப வேண்டும். தறிக்காரர்களுக்குப் பிடிக்குமா இது? அவள் தலையைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். கோள்மூட்டி என்று பேர் வேறு. பெட்டிக்கா அவளுக்கா, யார் கண்டது!

பொன்னாயி ஒருத்திதான் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நேரே கண்ணாடி அறைக்கு வருவாள். "ஏனுங்கக்கா, இன்னைக்கும் தயிர்சோறு தானுங்களா?" என்று கேட்டு, தன் குழம்பில் பாதியை ஊற்றுவாள். கணவன் போய்ச் சேர்ந்து, மகன் டோனியும் ஓசூரோடு தங்கிவிட்ட பிறகு, ஹெலனைச் சாப்பிட்டாயா என்று கேட்க வேறு நாதியில்லை. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவள் தினமும் பஸ் ஏறினாள்.

ஆயுதபூஜைக்குத் தறிகளைத் துடைத்தபோது ஹெலனே பெட்டிகளைக் கழற்றி வைத்தாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிதான், ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து நின்றதில் அன்று அப்படியொரு சந்தோஷம். யாரோ புண்ணியவான் பெட்டிகளையும் விடாமல் சந்தனம் அப்பிவிட்டான். பூஜை முடிந்ததும் நம்பர் பார்த்து அவளே திரும்ப ஒட்டினாள்.

மறுநாளிலிருந்து பொன்னாயியின் பத்தொன்பதாம் தறி ஒரேயடியாகச் சிவப்பு. பாவு நூல் இல்லாமல் சும்மா கிடந்த ஒன்பதாம் தறி பச்சை. அறையிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு தறியும் தெரியாது; ஒன்பதில் பாவு ஏற்றிவிட்டார்கள் போல என்று ஹெலன் நினைத்துக்கொண்டாள். 'உன் தறி ஏன் நிற்கிறது?' என்று பொன்னாயியைக் கேட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று பயம். கேட்கவேயில்லை. மூன்று நாளும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், மூன்று நாளும் சிவப்பென்றே அனுப்பினாள்.

நான்காம் நாள் முதலாளி போனிலேயே பொன்னாயியைக் காய்ச்சி எடுத்தார்.

"தறி ஓடிட்டுத்தானுங்க இருக்குது!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா?" பொன்னாயி போனை வைத்தாள், போசியை எடுத்தாள், போய்விட்டாள்.

சனிக்கிழமை நெய்த துணியைத் தறியிலிருந்து அறுத்தார்கள். பத்தொன்பதில் உருளை கொள்ளாத துணி. ஒன்பதில் ஒரு முழம் இல்லை.  ஹெலன் ஓடிப்போய் ஒன்பதாம் தறியின் பெட்டியை முந்தானையால் தேய்த்தாள். சந்தனத்துக்கு அடியில் ஒரு '1' இருந்தது. அது மறைந்துபோய், 19ஐ 9 என்று படித்து இங்கே ஒட்டி, கடைசியில் மிஞ்சிய 9ஐப் பார்க்காமலே பத்தொன்பதில் ஒட்டியிருக்கிறாள், பாவி!

தப்பு தன்னுடையது என்று முதலாளியிடம் சொன்னாள். அவரும் பொன்னாயியை வரச்சொல்லு என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஹெலன் பொன்னாயி வீட்டுக்கே போனாள்.

"வாங்க, உக்காருங்க. நான் பவானில ஒரு பட்டறைல சேந்துட்டனுங்க."

"மன்னிச்சிரு பொன்னாயி. சந்தனம் நம்பர மறைச்சிருச்சு."

"சந்தனங் கெடக்குதுங்க. ஒண்ணா ஒக்காந்து சோறு தின்னமுங்களே, தறி ஓடுதான்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். 

"காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றாள் பொன்னாயி. வந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட அக்கா என்று சொல்லவில்லை.