குளவி கூடு கட்டிய கதவு

ரெங்கம் டவுனுக்கு வெளியே நாங்கள் குடியிருந்தது பலகை வீடு. தகரக் கூரை. பின்கதவைத் திறந்தால் பத்தடியில் செம்பனை மரங்கள் தொடங்கிவிடும். என் கணவருக்கு எண்ணெய் ஆலையில் வேலை, எனக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில். கல்யாணமாகி மூன்றாவது வருடம் அங்கே குடிபோனோம். குளியலறை வாளிக்குப் பின்னால் ஒரு தேரை ஏற்கெனவே குடியிருந்தது. நான் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இரண்டடி நகர்ந்து வழி விடும், அவ்வளவுதான்.

தேரையோடு எனக்குச் சண்டையில்லை. குளவிகளோடுதான். கறுத்த உடம்பு, நூல் மாதிரி இடுப்பு, தொங்கும் மஞ்சள் கால்கள். பின்பக்கக் குழாயடி ஈரத்திலிருந்து மண்ணை உருட்டி வந்து, கண்ட இடத்தில் கூடு கட்டும். மீட்டர் பெட்டியில் கட்டியது. கணவரின் ஹெல்மெட்டுக்குள் கட்டியது. நான்கு நாள் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டு வந்தால், தையல் மெஷினின் ஊசிக்குப் பக்கத்திலேயே மண் அப்பியிருந்தது. நான் வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்துச் சுரண்டிக்கொண்டே இருப்பேன்.

அந்த வருடக் கடைசி விடுமுறையில் தெப்ராவிலிருந்து என் மாமியார் வந்தார். இரண்டு வாரம் தங்குவதாகத் திட்டம். பையை வைக்க எங்கள் படுக்கையறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இங்க வா. இத பாத்தியா?"

கதவின் கீல் பக்கத்துச் சட்டத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மண்கூடு. நாங்கள் இரண்டே பேர் இருக்கும் வீட்டில் அந்தக் கதவை யார் சாத்தினார்கள்? அது எப்போது கட்டியது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் கத்தியைத் தேடினேன்.

"ஐயோ, தொடாத!" அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளவி கூடு கட்டுன வீட்டுல குழந்தை வரும்மா. அதுவும் பாரு, உங்க ரூம்லயே கட்டியிருக்கு."

அந்த மாதம்தான் நாங்கள் குளுவாங்கில் இரண்டாவது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அது அத்தைக்குத் தெரியாது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கதவைச் சாத்தினால் கூடு நசுங்கும். ஆகவே கதவைச் சாத்தவே கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அத்தை படுப்பது எதிரே, கூடத்தில். கட்டிலில் அவர் புரண்டு படுத்தால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் இருமினால் அவருக்குக் கேட்கும்.

மூன்றாம் நாள் என் கணவர் பாத்திரம் துடைப்பது மாதிரி என் பக்கத்தில் வந்து நின்று, "கதவையே சாத்த விடல, அப்புறம் குழந்தை எங்கேருந்து வரும்லா?" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழுவிக்கொண்டிருந்த மங்குக் கிண்ணம் கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது. கூடத்திலிருந்து அத்தை, "என்னா சிரிப்பு அங்க?" என்றார். குழந்தைப் பேச்சு வந்து நாங்கள் சிரித்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் முறை.

அத்தை போன பிறகும் நாங்கள் கதவைச் சாத்தவில்லை. மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தச் சட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பழைய கூட்டின் ஓரத்தில் இன்னொரு குளவி புது அறை கட்டியது. ஈரமண்ணை வைத்துப் பூசும்போது அது ஒரு பாட்டு மாதிரி ரீங்கரிக்கும். பறக்கும்போது அந்தச் சத்தம் வராது, பூசும்போது மட்டும்தான். பிறகு மயங்கிக் கிடக்கும் சிலந்திகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து உள்ளே திணிக்கும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்குச் சாப்பாடு அது. வகுப்பில் படம் போட்டு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேரில் அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை, பழைய கூட்டில் ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியே ஒரு தலை வந்தது. என் கணவரைக் கூப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். அரை மணி நேரம் போராடி வெளியே வந்த குளவி, சட்டத்தின் மேல் கொஞ்சம் நடந்து, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. அதைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது: "பறந்துருச்சா? நல்லதும்மா, நல்லது. இனிமே பாரு."

அதற்குப் பிறகு அத்தை வாரம் தவறாமல் கூப்பிட்டார். "உடம்பு எப்படி இருக்கு?" என்பார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "நல்லா இருக்கேன் அத்தை" என்பேன். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்கும் தெரியும். ஏழெட்டு மாதம் இப்படிப் போனது.

நாங்கள் அங்கே ஆறு வருடம் இருந்தோம். குழந்தை பிறக்கவில்லை. இப்போது ஸ்கூடாயில், வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை ஆள் வந்து மருந்தடித்துவிட்டுப் போகிறார். ஓர் எறும்புகூடக் கிடையாது. மத்தியானத்தில் வீடு அமைதியாக இருக்கும்போது அந்த ரீங்காரம் கேட்க வேண்டும் போலிருக்கும்.

அந்தப் பலகை வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு வந்த தீபாவளி. அத்தை வந்திருந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு கூடு தானாக உடைந்து விழுந்திருந்தது. அத்தை குனிந்து எடுத்தார். உள்ளேயிருந்து சிலந்திகள் கொட்டின. ஒன்றின் கால் மெதுவாக அசைந்தது.

"அலமாக்! உசுரோடவா இருக்கு?"

"ஆமா அத்தை. புழு வந்து சாப்பிடுற வரைக்கும் கெட்டுப்போகக் கூடாதுல்ல."

அத்தை அந்தச் சிலந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"டாக்டர்கிட்டலாம் போனீங்களாம்மா?"

"மூணு பேரப் பாத்தோம்."

"ஏன் சொல்லல?"

நான் உடைந்த மண்ணை விரலால் ஓரமாக ஒதுக்கினேன். அத்தை என் முழங்காலில் கை வைத்தார். "நான்தான் சும்மா சும்மா போன் போட்டுக் கேட்டுட்டே இருந்தேன். உனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும். இனிமே கேக்க மாட்டேன்மா."

சொன்னபடி அவர் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மூன்று பேரும் காரில் டவுனுக்குப் போய் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டோம். தீபாவளியன்று வீட்டில் அத்தனை பலகாரம் இருக்க, கடையில் போய்ச் சாப்பிடுகிறோமே என்று அத்தை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். கடையில் எங்கள் இருவரையும்விட ஒரு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டதும் அவர்தான்.